இரண்டு கோவில்கடவு

திரையில் இரண்டு கோவில்கடவு தெரிந்தன. பாம்பாற்றங்கரையில் இருப்பது என்னவோ ஒன்றுதான்.

மறையூரில் ஒரு ஓட்டு வீட்டின் முன்னறையில், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இரண்டு. ஒன்றன் கீழ் ஒன்றாக, எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருக்க முடியாது என்பது கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த சில விஷயங்களில் ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பேத்திக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"ஒண்ணை அழிச்சிடலாமா தாத்தா?"

அவர் அவசரமாக அவள் கையைப் பிடித்தார். அழிப்பதில் அவருக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

ஊரில் அவரை வாத்தியார் என்றும், 2021-ல் காலமான அவர் மனைவியை டீச்சர் என்றும்தான் சொல்வார்கள். இருவருமே தமிழ் வழியில் பாடம் சொன்னவர்கள். மறையூர் மூணாற்றிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மறுபக்கம் சின்னாறு காட்டைத் தாண்டி இறங்கினால் உடுமலைப்பேட்டை. ரேஷன் கார்டு கேரளத்தில், கல்யாண ஜவுளி உடுமலையில் என்று இரண்டு பக்கமும் கால் வைத்து வாழும் ஊர். மறையூர், காந்தல்லூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஐந்தும் சேர்ந்தால் அஞ்சுநாடு. சுற்றுலா வருகிறவர்களுக்கு இது வேலி போட்ட சந்தனக் காடு, பாறை மேல் நிற்கும் முனியறைகள், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய உருண்டை வெல்லம். வாத்தியாருக்கும் டீச்சருக்கும் இது கிழவர்களும் கிழவிகளும் இருக்கும் ஊர்.

2009-ல் கையடக்கமான ஒரு ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நடை. திண்ணையில், ஆலைக் கொட்டகையில், வயக்காட்டு வரப்பில் பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்தார்கள். தாலாட்டு, ஒப்பாரி, வெல்லப் பாகின் பதம், யார் வீட்டுப் பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்ற வம்சாவளி, கொஞ்சம் ஊர் வம்பு. பத்து வருஷத்தில் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டது. பேசியவர்களில் பெரும்பாலோர் இப்போது இல்லை.

கேள்வி கேட்பது வாத்தியார். ரெக்கார்டரைப் பிடிப்பதும், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், பெயர் வைப்பதும் டீச்சர். அவர் வைத்த பெயர்களைப் பெயர் என்றே சொல்ல முடியாது, வாக்கியங்கள். 'கோவில்கடவு ஆலைக் கொட்டகையில் பெரியவர் பாகு பதம் பார்ப்பதை விளக்குகிறார் நடுவில் கரண்ட் போய்விட்டது' என்பது ஒரு ஃபைலின் பெயர். தனியாக நோட்டுப் போட்டு விவரம் எழுதி வைக்கலாமே என்று வாத்தியார் சொன்னபோது, நோட்டு ஒரு பக்கம் போகும், ஃபைல் ஒரு பக்கம் போகும் என்று டீச்சர் மறுத்துவிட்டார். அவர் எழுதி வைத்துப் போனது அந்தப் பெயர்கள் மட்டும்தான்.

இனி அந்தப் பழைய கணக்கு. 2016-ல் கோவில்கடவு ஃபோல்டரிலிருந்து இரண்டு பதிவுகளை வாத்தியார் சுட்டியால் இழுத்து வேறொரு ஃபோல்டரில் போட்டார். யாரோ கேட்டார்கள் என்று நகல் எடுக்கத்தான். அப்போது வைத்திருந்த கம்ப்யூட்டரில் ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்கு இழுத்தால் நகல். ஒரே டிரைவுக்குள் இழுத்தால் ஃபைலே இடம் மாறிவிடும். எது நடந்தது என்று அது சொல்வதில்லை. காரியம் முடிந்ததும் வாத்தியார் 'நகலை' அழித்தார், குப்பைக் கூடையையும் காலி செய்தார். அழிந்தது நகல் இல்லை என்று சில மாதம் கழித்து டீச்சர்தான் கண்டுபிடித்தார். அதற்குள் வெளி டிஸ்க்கில் இருந்த பிரதியையும் புதுப்பித்து முடித்திருந்தார்கள். டீச்சர் திட்டவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். அதற்குத் திட்டியிருக்கலாம் என்று வாத்தியார் இப்போதும் சொல்கிறார்.

இப்படிப்பட்டவர் 71 வயதில் புதிய ஃபைல் மேனேஜர் ஒன்றைப் பரீட்சை செய்யத் துணிந்ததற்கு நிர்பந்தம்தான் காரணம். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. 2013-ல் வாங்கிய அவருடைய லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தேவையான தகுதிகள் இல்லாதது. ஏற்கெனவே, ஃபோல்டரைத் திறந்துவிட்டுப் போய்க் காபி போட்டு வரலாம் என்கிற நிலைமை. உடுமலையில் கடைக்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: புதுசு வாங்கிக்கிருங்க.

பேத்தி வேறு சொன்னாள். இங்கேதான் எல்லையின் இந்தப் பக்கம் இருப்பதில் ஒரு லாபம். கேரள அரசு 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், சில வருஷங்களிலேயே பள்ளிக் கம்ப்யூட்டர்களைச் சுதந்திர மென்பொருளுக்கு மாற்றியது. 2017-ல் அது கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. உடுமலைக் கடைக்காரருக்கு லினக்ஸ் என்பது கேள்விப்பட்ட பெயர். மறையூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது பாடப்புத்தகம். போதாததற்குப் பேத்தி பள்ளியின் லிட்டில் கைட்ஸ் குழுவிலும் இருக்கிறாள். லுபுண்டு என்ற எடை குறைந்த லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து, லேப்டாப்பில் எதையும் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினாள். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம். வாத்தியாருக்கு அந்த ஏற்பாடு பிடித்தது. நான்கு நாள் அப்படியே பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் லேப்டாப்பிலேயே ஏற்றச் சொன்னார்.

அவர் பார்த்தது முழுக்க ஒரே ஒரு புரோகிராமைத்தான். ஃபைல் மேனேஜர் என்பது கம்ப்யூட்டரின் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை. இருப்பதை எடுத்துக் காட்டுவது, இடம் மாற்றுவது, பெயர் மாற்றுவது, எறிவது எல்லாம் அவர் வேலை. எழுதுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் வேறு வேறு புரோகிராம் வைத்திருக்கலாம், கணக்குப்பிள்ளை இல்லாமல் யாருக்கும் நடக்காது. ஆனால் கம்ப்யூட்டரோடு வந்தவரையே கடைசி வரை வைத்துக்கொள்வதுதான் வழக்கம். மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

மாற்றியவர்களின் வரலாறு பழையது. ஜான் சோச்சா எழுதிய நார்ட்டன் கமாண்டர் 1986-ல் வந்தது. நீலத் திரையில் இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் ஒரு பட்டியல், நடுவில் சண்டை இல்லாமல் ஃபைல்கள் இங்கிருந்து அங்கு போகும். அந்த அமைப்பைப் பார்த்து எழுதியவர்கள் பலர். சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993-ல் விண்டோஸ் கமாண்டரை வெளியிட்டார். பிற்பாடு 2002-ல் அதன் பெயர் டோட்டல் கமாண்டர் என்று மாறியது. மெக்சிகோவின் மிகேல் தெ இகாசா 1994-ல் மிட்நைட் கமாண்டரைத் தொடங்கினார். ஒவ்வொன்றின் பின்னாலும், வந்ததை வைத்துக் காலம் தள்ள முடியாத ஒரு மனிதர் இருக்கிறார்.

வாத்தியாரின் லேப்டாப்புக்கு வந்தது பிசிமேன்எஃப்எம். திறந்தவுடன் திறக்கிறது என்பதுதான் முதல் அனுபவம். காபிக்கு நேரம் இல்லை. ஒரே ஜன்னலில் தாள் தாளாகப் பல ஃபோல்டர்களை வைத்துக்கொள்ளலாம், வேண்டுமானால் ஜன்னலை இரண்டாகப் பிரித்து இந்தப் பக்கம் வெளி டிஸ்க், அந்தப் பக்கம் லேப்டாப் என்று வைக்கலாம். அவரை உட்கார வைத்தது வேறு ஒன்று. ஒரு ஃபைலை இழுத்து இன்னொரு ஃபோல்டரில் போட்டபோது ஒரு சின்னப் பட்டியல் எழுந்தது: இங்கே நகல் எடுக்கவா, இங்கே நகர்த்தவா, இணைப்பு மட்டும் வைக்கவா, வேண்டாமா? வாத்தியார் இன்னொரு ஃபைலை இழுத்தார். மறுபடி கேட்டது. அடுத்தடுத்துப் பத்துப் பதினைந்து ஃபைல்களை அங்கும் இங்கும் இழுத்துக்கொண்டிருந்தார். பேத்திக்கு இது என்ன விளையாட்டு என்று புரியவில்லை. 2016-ல் அவள் ஐந்து வயதுக் குழந்தை.

எல்லாமே சிலாக்கியம் என்று சொல்வதற்கில்லை. ஒரு பதிவு எத்தனை நிமிஷம் ஓடும் என்பதைப் பழைய புரோகிராம் பட்டியலிலேயே காட்டும். இது காட்டுவதில்லை, அளவையும் தேதியையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. தேடுவதற்குத் தனி ஜன்னல். நகல் எடுத்து முடிந்தது என்று நினைத்து, முறைப்படி விடுவிக்காமல் பென் டிரைவை உருவியதில் ஒரு ஃபைல் பாதியில் நின்றது. அது அவசரத்துக்குக் கிடைத்த தண்டனை, புரோகிராமைக் குறை சொல்ல முடியாது. கணினித் திரையில் எழுத்துகள் பொடியாக இருந்ததைப் பேத்தி பெரிதாக்கிக் கொடுத்தாள்.

செய்தவர் யார் என்று பார்க்கலாமா என்று வாத்தியார் கேட்டார். புத்தகம் எடுத்தால் முதலில் பின்னட்டையைப் பார்க்கிற பழக்கம். உதவிப் பட்டியலைத் திறந்து பார்த்ததில் ஒரு பெயர் இருந்தது: ஹொங் ஜென் யீ. தைவான்காரர். புரோகிராம் எழுதுவது அவருக்குத் தொழில் இல்லை, அவர் மருத்துவர். தைவானில் டெல்நெட் வழியாகப் படிக்கும் அறிவிப்புப் பலகைகள் மாணவர்களிடையே பிரபலமாக இருந்தன. அவற்றைச் சீன எழுத்தில் சிரமமில்லாமல் படிப்பதற்காக பிசிமேன் என்று ஒரு புரோகிராமை எழுதினார். அந்தப் பெயரே அவருக்குப் பட்டப்பெயராக நிலைத்துவிட்டது. 2006-ல் வந்த ஃபைல் மேனேஜரும் அந்தப் பெயரையே சுமக்கிறது. அதே வருஷம், பழைய கம்ப்யூட்டர்களிலும் ஓடக்கூடிய எல்எக்ஸ்டிஇ என்ற முழுத் திரைச் சூழலையும் தொடங்கினார். தம் புரோகிராம்களுக்கு அடித்தளமாக இருந்த ஜிடிகே கருவித் தொகுதியின் மூன்றாம் பதிப்பு அவருக்குத் திருப்தி தரவில்லை. க்யூட்டி என்ற வேறு கருவித் தொகுதியில் ஃபைல் மேனேஜரை மறுபடி எழுதி 2013 மார்ச்சில் வெளியிட்டார். அதே ஜூலையில் அவருடைய கூட்டமும் ரேசர் க்யூட்டி என்ற இன்னொரு கூட்டமும் ஒன்றாகச் சேர முடிவு செய்தன. அப்படிப் பிறந்த எல்எக்ஸ்க்யூட்டியைத்தான் 2018 அக்டோபர் முதல் லுபுண்டு பயன்படுத்துகிறது. இப்போது அதைப் பராமரிப்பது பல நாட்டுத் தன்னார்வலர்கள்.

நோயாளிகளைப் பார்த்த நேரம் போக ஒருவர் செய்த கணக்குப்பிள்ளை மறையூர் வரைக்கும் வந்துவிட்டார் என்று வாத்தியார் ஆச்சரியப்பட்டார். ஆச்சரியப்பட அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. தமிழ் கம்ப்யூட்டருக்கு வந்த பாதையே இதுதான். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1980-களிலேயே தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசானில் வேதியியல் ஆய்வு செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார், 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரும் அவரே. சென்னை விசுவநாதன் கணக்குத் தணிக்கை படித்தவர், 'அழகி' செய்தார். டீச்சர் அத்தனை பெயர்களையும் தட்டியது அழகியை வைத்துத்தான். கம்ப்யூட்டர் கம்பெனி எதுவும் ஆள் அனுப்பி அவருக்குத் தமிழ் கொடுக்கவில்லை.

பெயர்களில்தான் முதல் முட்டுக்கட்டை வந்தது. வெளி டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு நகல் எடுக்கும்போது 23 ஃபைல்கள் வர மறுத்தன. பெயர் மிக நீளம் என்றது. பழைய கம்ப்யூட்டர் இதே பெயர்களை வாய் திறக்காமல் வைத்திருந்ததே என்று வாத்தியாருக்குக் கோபம். பேத்தி பள்ளியில் கேட்டு வந்து விளக்கினாள்.

ஒரு பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதற்கு எல்லாக் கம்ப்யூட்டரிலும் வரம்பு உண்டு. இரண்டு இடத்திலும் அது 255-தான். எதை எண்ணுவது என்பதில்தான் வித்தியாசம். விண்டோஸ் எழுத்துக் குறிகளை எண்ணுகிறது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறை பைட்டுகளை எண்ணுகிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோடு தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட். 'கோ' என்றால் ககரம் ஒரு குறி, ஓகாரம் ஒரு குறி, ஆக ஆறு பைட். புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு குறிதான், ஆறு பைட்தான். ஆங்கிலத்தில் 255 எழுத்து வரை போகலாம். தமிழில் 85 குறி, அதாவது சுமார் ஐம்பது எழுத்தில் கதவு மூடிவிடும். டீச்சரின் பாகு பதப் பெயரில் 88 குறிகள். இடைவெளியும், பின்னொட்டாக வரும் எம்பி3-யும் சேர்த்தால் 278 பைட்.

"ஆக, ஒரே வாக்கியத்தை இங்கிலீஷில் எழுதியிருந்தால் போயிருக்கும்" என்றார் வாத்தியார். முப்பத்தைந்து வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் அதைச் சொன்ன விதத்தில் பேத்தி பதில் பேசவில்லை.

வெட்டுவதைத் தவிர வழியில்லை. வெட்டுவதற்கு முன் 23 வாக்கியங்களையும் வாத்தியார் ஒரு கோடு போட்ட நோட்டில் கையால் எழுதினார். பேத்தி அவற்றையே டைப் செய்து அந்தந்த ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலாக வைத்தாள். டீச்சர் வேண்டாம் என்று சொன்ன அதே நோட்டு. பாகு பதத்துக்குப் புதுப் பெயர் வைக்கும்போது 'நடுவில் கரண்ட் போய்விட்டது' போய்விட்டது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மேஜை இழுப்பறையில் அந்தப் பென் டிரைவ் அகப்பட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் 2015-ல் பதிவுகளின் பிரதி ஒன்றை வாங்கிப் போயிருந்தார். பின்னணி இரைச்சலை எடுத்துத் தருவதாகச் சொன்னவர், அந்தத் தீபாவளிக்கே வேலை முடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அதில் பாட்டுகள் மட்டும் இருப்பதாக வாத்தியார் நினைத்தார். அசல் இருக்கும்போது திறந்து பார்ப்பானேன் என்று உறையோடு உள்ளே போட்டதோடு சரி. பத்து வருஷம் ஆயிற்று.

உள்ளே ஒரே ஒரு ஜிப் கட்டு. பிரித்தபோது ஆறு ஃபோல்டர்கள் வந்தன. ஐந்து அஞ்சுநாட்டுக் கிராமங்கள், ஆறாவது கோவில்கடவு. பேத்தி ஆறையும் சேர்த்து இழுத்துப் பதிவுகள் இருக்கும் இடத்தில் போட்டு, 'இங்கே நகல்' என்றாள். மறையூர் என்ற பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, என்ன செய்ய என்று புரோகிராம் கேட்டது. வேறு பெயர் கொடுத்தார்கள். காந்தல்லூருக்குக் கேட்டது. கீழாந்தூருக்குக் கேட்டது. காரையூருக்குக் கேட்டது. கொட்டகுடிக்குக் கேட்கவில்லை. கோவில்கடவுக்கும் கேட்கவில்லை.

கேட்கிற குணத்துக்காகவே வாத்தியார் நம்பிய கணக்குப்பிள்ளை இரண்டு இடத்தில் வாய் திறக்காமல் சரக்கை இறக்கிவிட்டார். திரையில் இரண்டு கோவில்கடவு. மேலே பார்த்தால் கொட்டகுடியும் இரண்டு.

பேத்தி பென்சிலை எடுத்து ஆறு ஊர்ப் பெயரையும் வரிசையாக எழுதினாள். வாத்தியார் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஒன்றாம் வகுப்பில் கேட்பதைப் போலக் கேட்டார்: "கொ எப்படி எழுதணும்?"

"ஒற்றைக்கொம்பு, கானா, கால்."

"கோ?"

"இரட்டைக்கொம்பு, கானா, கால்."

"மத்த நாலு ஊர்ல ரெண்டு பக்கமும் நிக்கிற எழுத்து இருக்கா, பாரு."

இல்லை. காந்தல்லூரில் கால் உண்டு, கொம்பு இல்லை. மறையூரிலும் காரையூரிலும் ஐகாரக் கொம்பு உண்டு, அந்த எழுத்தில் கால் கிடையாது. ககரத்தை நடுவில் வைத்து முன்னால் கொம்பும் பின்னால் காலும் போடுகிற எழுத்து கொட்டகுடியிலும் கோவில்கடவிலும் மட்டுமே. ஒகரத்தையும் ஓகாரத்தையும் கண்ணுக்குப் பிரித்துக் காட்ட இரட்டைக்கொம்பைக் கொண்டுவந்தவர் 18-ம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் என்று வாத்தியார் வருஷா வருஷம் வகுப்பில் சொல்வதுண்டு. அது கம்ப்யூட்டர் வரை வந்து நிற்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். முழு ஓகாரத்துக்கும் ஒரே குறியாகப் போடலாம், அல்லது இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் சமமாகக் கொள்ள வேண்டும் என்பதே யூனிகோடு விதி. ஆனால் ஃபைல்களை அடுக்கி வைக்கும் கோப்பு முறைகள் பல விதியைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கின்றன. டீச்சரின் கோவில்கடவு ஒற்றைக் குறியில் அமைந்தது. மாணவர் வைத்திருந்தது ஆப்பிள் மேக். 2017-ல் ஏபிஎஃப்எஸ் வரும் வரைக்கும் மேக்கில் இருந்த கோப்பு முறை, இத்தகைய எழுத்துகளைப் பிரித்து வைப்பதையே வழக்கமாகக் கொண்டது. அங்கே கட்டிய ஜிப் அந்தப் பிரிப்போடு மறையூர் வந்து சேர்ந்தது. கொரியாக்காரர்கள் மேக்கிலிருந்து வரும் ஃபைல் பெயர்களில் தங்கள் எழுத்து துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்து அலுத்துக்கொள்வது இதே காரணத்தால்தான். தமிழில் துண்டு கூடக் கண்ணில் படாது. அதுதான் ஆபத்து.

அன்று இவர்களுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. பேத்தி செய்த சோதனை எளிமையானது. முதல் கோவில்கடவின் பெயர் மாற்றும் கட்டத்தைத் திறந்து, 'கோ'வுக்குப் பின்னால் நின்று பின்னழிப்பு விசையை ஒரு தட்டுத் தட்டினாள். ஓகாரம் முழுதாகப் போய் 'க' நின்றது. மாற்றத்தை ரத்து செய்துவிட்டு இரண்டாவதற்குப் போனாள். அதே இடம், அதே ஒரு தட்டு. கால் மட்டும் போயிற்று. திரையில் 'கே' என்று நின்றது.

"கேவில்கடவு" என்று வாசித்துவிட்டுப் பேத்தி சிரித்தாள். வாத்தியார் சிரிக்கவில்லை. அழித்திருப்போம் என்றார்.

முதல் ஃபோல்டரில் 17 பதிவுகள். இரண்டாவதில் 19.

மாணவர் டீச்சரின் வாக்கியங்களை எல்லாம் எடுத்துவிட்டு, தம் வசதிக்காக ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தார். அதனால் எந்த இரண்டு கூடுதல் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இருவரும் இரண்டு ராத்திரி கேட்டார்கள். வடகிழக்குப் பருவ மழை, நடுவில் இரண்டு முறை கரண்ட் போயிற்று. நல்ல வேளையாக லேப்டாப்பின் பாட்டரிக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

பதினொன்றாவது, ஒரு கிழவியின் நடவுப் பாட்டு. காணாமற்போன இரண்டில் ஒன்று. இன்னொன்று பதினாறாவதில் இருந்தது. முதலில் பாத்திரச் சத்தம், ஒரு கோழி. பிறகு டீச்சரின் குரல், தேதியைச் சொல்கிறது, இடம் கோவில்கடவு என்கிறது. வழக்கமாகக் கேள்வி கேட்கும் வாத்தியார் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். அந்த ஒரு பதிவில் மட்டும் டீச்சரே கேட்டார். பெரியவர் தொண்ணூற்றொன்பது வெள்ளத்தைப் பற்றித் தம் தகப்பன் சொல்லக் கேட்டதைச் சொல்கிறார். கொல்லம் ஆண்டு 1099-ல், அதாவது 1924 ஜூலையில், மூணாற்றையும் அங்கே ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையும் அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது. டீச்சர் நடுநடுவே 'ம்' கொட்டுகிறார். ஒரு இடத்தில் பெரியவர் நிறுத்திவிட, "சொல்லுங்க ஐயா, பொறுமையாச் சொல்லுங்க" என்கிறார்.

முடிந்ததும் வாத்தியார் எழுந்துபோய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தபோது பேத்தி இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்து, முறைப்படி விடுவித்து வைத்திருந்தாள்.

"பேரு வெறும் பதினாறுன்னு இருக்கு தாத்தா. பாட்டி மாதிரி வைங்க."

அவர் ஒரு விரலால் தட்டினார், நிதானமாக. 'தொண்ணூற்றொன்பது வெள்ளம் பற்றித் தகப்பன் சொன்னதைப் பெரியவர் சொல்கிறார் டீச்சர் கேட்கிறார்.' என்டரைத் தட்டும் முன் பேத்தி தடுத்தாள். குறிகளை விரல் விட்டு எண்ணினாள். எண்பது. மூன்றால் பெருக்கினாள், இடைவெளி எட்டைக் கூட்டினாள், பின்னொட்டுக்கு நான்கு.

"இருநூத்தி அம்பத்திரண்டு. இன்னும் ஒரு எழுத்துக்கு எடம் இருக்கு தாத்தா."

வாத்தியார் என்டரைத் தட்டினார். கணக்குப்பிள்ளை எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.